வைஃபை ரௌட்டர் ஒரு குட்டி மைக்ரோவேவ் ஓவனா? தருமபுரித் தண்ணீர் சொல்லும் பதில்!

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். பிள்ளைகளுக்குப் பாட வீடியோ, அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு விட்டுப்போன சீரியல். ஒரு வாரம் கழித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தகவல் வந்து விழும். வைஃபை ரௌட்டரில் இருந்து வருவதும் மைக்ரோவேவ் ஓவனுக்குள் இருப்பதும் ஒரே அலை, ஓவன் கோழியை வேகவைக்கிறது, ரௌட்டர் உங்கள் மூளையை வேகவைக்கிறது என்று அதில் எழுதியிருக்கும்.

அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீடாக இருந்தால் அன்றிரவே ரௌட்டரின் பிளக் பிடுங்கப்படும். சில வீடுகளில் ரௌட்டர் மாடிப்படிக்கு அடியில் போகும். இன்னும் சிலர் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று எதையோ காசு கொடுத்து வாங்கி ஒட்டுவார்கள்.

இந்தத் தகவலை லேசில் ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் முதல் பாதி பொய் இல்லை. ஓவனும் வைஃபையும் பயன்படுத்துவது உண்மையிலேயே ஏறக்குறைய ஒரே அலைதான். அப்படியிருந்தும் இரண்டாவது பாதி ஏன் தவறு? அதைப் புரிந்துகொள்ள, தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் எதுவும் தேவையில்லை. அதற்கு முன், இந்த இரண்டு கருவிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த கதையைப் பார்த்துவிடலாம்.

அலைவரிசையில் ஒரு புறம்போக்கு நிலம்

வீட்டு மைக்ரோவேவ் ஓவன் இயங்கும் அலைவரிசை 2.45 கிகாஹெர்ட்ஸ். பெரும்பாலான ரௌட்டர்களில் இருக்கும் பழைய வைஃபை வரிசை 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை. அதாவது ஓவன், வைஃபையின் வீட்டுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதில் முதலில் குடிவந்தது ஓவன்தான். இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் கருவிகளுக்கான மேக்னட்ரான் என்ற குழாயை அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், 1945-ல் அந்தக் குழாய்க்கு அருகில் நின்றபோது தன் பாக்கெட்டில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். இரண்டு ஆண்டுகளில் ஓவன் விற்பனைக்கு வந்தது. ஆளுயரத்துக்கு இருந்த அந்த முதல் ஓவனின் எடை சுமார் 340 கிலோ!

இப்படிச் சூடாக்கும் கருவிகள் வானொலி, ரேடார், விமானத் தொடர்பு ஆகியவற்றைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை உலக நாடுகள் 1947-லேயே தனியே ஒதுக்கின. 2.45 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி அதில் ஒன்று. ஓவன்களின் இரைச்சல் நிறைந்த அந்தப் பகுதியைக் காசு கொடுத்து வாங்க யாரும் முன்வரவில்லை. கிட்டத்தட்டப் புறம்போக்கு நிலம்.

1985-ல் அமெரிக்கா, குறைந்த சக்தியில் இயங்கும் தொடர்புக் கருவிகள் உரிமம் இல்லாமலேயே அங்கு இயங்கலாம் என்று அனுமதித்தது. 1997-ல் வைஃபைக்கான முதல் தொழில்நுட்பத் தரம் வெளியானது. இந்தியா 2005 ஜனவரியில் இந்த வரிசைக்கு உரிம விலக்கு அளித்தது. நீங்களும் நானும் யாரிடமும் அனுமதி வாங்காமல் வீட்டில் ரௌட்டர் வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான். ஆக, வைஃபைக்கு இந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தது, அது எதையாவது சமைக்கும் என்பதற்காக அல்ல. அந்த இடம் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக.

வேகவைப்பது எது?

மைக்ரோவேவுக்கும் தண்ணீருக்கும் ஏதோ விசேஷப் பொருத்தம் இருக்கிறது, அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டுமே தண்ணீர் மூலக்கூறு ஆடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. மின்புலம் திசை மாறும்போதெல்லாம் தண்ணீர் மூலக்கூறுகள் அதன் பின்னால் திரும்பப் பார்க்கும். அந்த உரசலில் சூடு பிறக்கும். இது பரந்த அலைவரிசை எல்லையில் நடக்கும் விஷயம். எவ்வளவு சூடு பிறக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். எத்தனை வாட் சக்தி உள்ளே போகிறது?

வீட்டு ஓவன் 700 முதல் 1,000 வாட் வரை மைக்ரோவேவ் சக்தியை உணவின் மீது செலுத்துகிறது. அதுவும் நான்கு பக்கமும் உலோகத்தால் மூடிய பெட்டிக்குள். அலை வெளியே போக வழியில்லாமல் சுவரில் மோதி மோதி மறுபடியும் உணவுக்கே வருகிறது. வீட்டு ரௌட்டர் அனுப்புவது பொதுவாக 0.1 வாட் அளவில். அதுவும் திறந்தவெளியில், எல்லாத் திசையிலும் சிதறிப்போகிறது. ஓவன் 1,000 வாட் என்றால் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு.

ஒரு சின்னக் கணக்கு. 200 மில்லி தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, 800 வாட் ஓவனுக்குச் சுமார் ஒன்றே கால் நிமிடம் போதும். 0.1 வாட் ரௌட்டரின் சக்தி ஒரு சொட்டுகூட வீணாகாமல் முழுவதும் அந்த டம்ளருக்குள்ளேயே போகிறது, டம்ளரும் துளிகூட ஆறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட ஏழு நாள் ஆகும். நடைமுறையில் ஏழு வருடம் காத்திருந்தாலும் டீ கிடைக்காது. ரௌட்டர் கொடுக்கும் சூட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையிடம் இருந்து வரும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் ரௌட்டர் எங்கோ மூலையில் இருக்கிறது.

தருமபுரிக்குத் தெரிந்த பாடம்

இங்கேதான் தண்ணீர் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பாறையில் இருந்து கரைந்து கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வந்த அந்த உப்பு, தலைமுறைகளாகக் குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்தியது. பலரின் எலும்பு மூட்டுகளை இறுக்கியது. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் அந்தத் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் அதே ஃப்ளூரைடு, டூத்பேஸ்ட்டில் பல் சொத்தையைத் தடுக்கச் சேர்க்கப்படுகிறது. பொருள் ஒன்றுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதைத் தாண்டி, வருடக்கணக்கில் குடித்தால்தான் கறை, மூட்டுவலி, முடக்கம்.

போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் முழுப் பதில் கிடைக்கும். பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் எண் வரும். அந்த எண்தான் கிணற்றை மூடுவதா, குடிப்பதா என்று சொல்லும். வைஃபைக்கும் இதே கேள்விதான். ஓவனில் இருக்கும் அலை வீட்டில் இருக்கிறதா? இருக்கிறது. எவ்வளவு?

எண்கள் என்ன சொல்கின்றன?

செல்போன் டவர்களில் இருந்து பொதுமக்கள் மீது படும் அலைக்கு, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வரிசையில் சதுர மீட்டருக்கு 10 வாட் வரை போகலாம் என்பது சர்வதேச வழிகாட்டு அளவு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா அதைப் பத்தில் ஒரு பங்காக, 1 வாட்டாகக் குறைத்தது.

0.1 வாட் ரௌட்டரில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உங்கள் மீது படுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.008 வாட். இந்தியாவின் அந்தக் கண்டிப்பான எல்லையிலும் நூறில் ஒரு பங்குக்குக் குறைவு. மூன்று மீட்டர் தள்ளிப் போனால் அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதுவும் ரௌட்டர் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் வரும் கணக்கு. உண்மையில் அது விட்டு விட்டுத்தான் அனுப்புகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 55 இடங்களில் கருவி வைத்து அளந்து 2007-ல் வெளியான ஆய்விலும் எல்லா இடங்களிலும் வைஃபை அளவு பாதுகாப்பு எல்லைக்கு மிக மிகக் கீழேதான் இருந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு ஓர் ஒப்பீட்டைச் சொன்னது. வைஃபை இருக்கும் இடத்தில் ஓராண்டு முழுக்க உட்கார்ந்திருப்பதும், செல்போனைக் காதில் வைத்து 20 நிமிடம் பேசுவதும் உடல் வாங்கும் அலை அளவில் சமம்.

ஓவனின் கசிவு

அப்படியென்றால் ஓவன்தான் ஆபத்தா? ஓவன் கதவில் தெரியும் உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். உள்ளே இருக்கும் அலையின் நீளமோ 12 சென்டிமீட்டர். அதனால்தான் வெளிச்சம் வெளியே வருகிறது, மைக்ரோவேவ் உள்ளேயே நிற்கிறது. கதவைத் திறந்தால் மேக்னட்ரான் நின்றுவிடும்படி பூட்டுகளும் உண்டு.

ஆனாலும் கொஞ்சம் கசியும். ஓவனில் இருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அரை மீட்டர் தள்ளி நின்றால் அது நூறில் ஒரு பங்காகிவிடும். ஓடும் ஓவனின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்காமல் இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. 1,000 வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 0.1 வாட். ரௌட்டரின் மொத்தச் சக்தியே அவ்வளவுதான்! சமையலறையில் ஓவன் ஓடும்போது ஹாலில் வீடியோ திக்கித் திணறுவது இதனால்தான். ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினால் பிரச்னை தீரும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியையே இந்தக் கசிவு பல ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறது. அவ்வப்போது பதிவான விசித்திரமான சிக்னல்களுக்கு விஞ்ஞானிகள் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓவன் ஓடி முடிவதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறக்கிறார்களே, அந்த நொடியில் வெளிவந்த அலைதான் அது என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

அணைத்து வைத்த ஓவனுக்குள் போனை வைத்து மூடி, வெளியிலிருந்து அழைத்துப் பார்க்கும் சோதனையும் பிரபலம். மணி அடித்தால் ஓவன் ஓட்டை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்கைக்கூட செல்போன் பிடித்துவிடும். அது அடிப்பதை வைத்துக் கசிவை எடைபோட முடியாது. கதவு வளைந்திருக்கிறதா, கீல் ஆடுகிறதா, ரப்பர் ஓரம் கருகியிருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

கதிர்வீச்சு என்ற சொல்

பயத்தின் பாதி, கதிர்வீச்சு என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடங்குளமும் கல்பாக்கமும் எக்ஸ்ரே அறையும்தான் ஞாபகத்துக்கு வரும். அறிவியலில் விளக்கு வெளிச்சமும் கதிர்வீச்சுதான்.

எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவில் இருந்து எலெக்ட்ரானையே பெயர்த்து எறியும். மரபணு சேதமாவது அப்படித்தான். வைஃபை அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், அதற்குத் தேவைப்படுவதில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிடவும் மிகக் குறைவு. மாங்காய் அடிக்க ஒரு கல் போதும். கல்லுக்குப் பதில் மணலை ஒவ்வொரு பொடியாக வீசினால், ஒரு லாரி மணல் தீர்ந்தாலும் மாங்காய் விழாது. ஓவனுக்கும் இது பொருந்தும். அதில் சூடாக்கிய சாம்பாரில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை.

பிறகு ஏன் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது? 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்பது அந்தப் பிரிவின் பொருள். அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படை, செல்போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசியவர்கள் பற்றிய ஆய்வுகள். கற்றாழை முழு இலைச் சாறும் அதே 2பி பிரிவில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் சான்றின் பலத்தைச் சொல்கிறதே தவிர, ஆபத்தின் அளவை அல்ல.

அதன் பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுக் கட்டுரைகளை அலசி 2024-ல் வெளியான தொகுப்பாய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. காதோரம் வைக்கும் போனுக்கே இதுதான் முடிவு. ரௌட்டரோ பத்தடி தள்ளி இருக்கிறது.

பயத்தை விற்பவர்கள்

2008-ல் ஒரு வீடியோ உலகைச் சுற்றி வந்தது. நான்கு செல்போன்களைச் சுற்றிவைத்து அழைத்தால் நடுவில் இருக்கும் சோளம் பொரிகிறது! பார்த்தவர்கள் மிரண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு ப்ளூடூத் ஹெட்செட் நிறுவனத்தின் விளம்பரம் என்று. நம் ஊரில் 2018-ல் வந்த '2.0' படம் டவர் பயத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தது. செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுக்கும் அளவுக்கு அது போனது.

இதைவிட வேதனையான சம்பவம் நெதர்லாந்தில். 5ஜி அலையில் இருந்து காப்பாற்றும் என்று விற்கப்பட்ட தொங்கட்டான், தூக்க முகமூடி உள்ளிட்ட பத்துப் பொருட்களை அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் பரிசோதித்தது. அந்தப் பொருட்களே கதிரியக்கம் கொண்டவை, உடனே கழற்றி வையுங்கள் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்தவர்கள், உண்மையான ஆபத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள்.

சிக்னல் குறைந்தால் அலை கூடும்

மலைக் கிராமங்கள் நிறைந்த தருமபுரிக்கு இந்தத் தகவல் முக்கியம். டவர் தூரத்தில் இருந்தால் நம் போன் சும்மா இருக்காது. எட்டாத டவரை எட்டிப்பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டும். ஒரு 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் வரை போகும். ரௌட்டரைவிட அதிகம், அதுவும் காதோடு ஒட்டி. சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்தில் நீண்ட நேரம் பேசுவதைவிட, முழு சிக்னல் இருக்கும் இடத்தில் பேசினால் உடல் வாங்கும் அலை குறைவு. டவர் வேண்டாம் என்று ஊர் கூடித் தடுத்தால், 108-க்கு அழைக்க மேடு தேடி ஓட வேண்டியிருக்கும். காதுக்கு வரும் அலையும் குறையப்போவதில்லை.

டவர் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதையும் அளக்கலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2017-ல் 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அருகில் உள்ள டவர் விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி, நேரில் வந்து அளக்கவும் கேட்கலாம். தொடங்கியபோது அறிவித்த கட்டணம் 4,000 ரூபாய். உங்கள் போனின் அலை அளவைப் பார்க்க *#07# என்று அழுத்தினால் போதும். கிலோவுக்கு 1.6 வாட் என்பது இந்தியாவில் அதன் உச்ச எல்லை.

சமையலறையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

* ஓவனை வீட்டில் பிரித்துப் பழுதுபார்க்கவே கூடாது. உள்ளே 2,000 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் ஆளைக் கொல்லும்.

* வெறும் தண்ணீரை வழவழப்பான டம்ளரில் அதிக நேரம் சூடாக்க வேண்டாம். கொதிக்காததுபோல் தெரியும் தண்ணீர், ஸ்பூன் பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

* குழந்தையின் பால் பாட்டிலை ஓவனில் சூடாக்க வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதிக்கவும் இருக்கும்.

* எவர்சில்வர் பாத்திரம், அலுமினியத் தாள், ஓட்டோடு முட்டை, ஹோட்டல் பார்சல் பிளாஸ்டிக் டப்பா... எதுவும் உள்ளே போகக் கூடாது.

* ரௌட்டரை மூடி மறைக்காமல் ஹாலின் நடுவில், உயரத்தில் வையுங்கள். மூலையில் ஒளித்துவைத்தால் உங்கள் போன்தான் சக்தியைக் கூட்டி வேலை செய்யும். கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் இதே விதிதான். மனதுக்குச் சங்கடமாக இருந்தால் கட்டிலுக்கு அருகில் வேண்டாம், ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

இரவில் ரௌட்டரை அணைக்கலாமா என்றால், தாராளமாக அணைக்கலாம். 10 வாட் மின்சாரம் எடுக்கும் ரௌட்டரை எட்டு மணி நேரம் அணைத்தால் மாதம் சுமார் இரண்டரை யூனிட் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அணைப்பதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.